சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன காலம்



வேலை முடிந்து, குளித்து, அடுப்பில் உலை கொதித்துக் கொண்டிருக்கும் நேரம் இது என்பது எனக்குத் தெரியும். நானும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். இப்போது தோட்டப் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகையால் உங்களை அலுக்கவைக்கும் பொருள் எதையும் நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. உங்கள் வீட்டு வாசலில் சாய்த்து வைத்திருக்கிறீர்களே ஒரு சைக்கிள், அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்தச் சைக்கிளின் இரண்டு சக்கரங்களுக்குள்ளே ஒரு பெரிய கண்டுபிடிப்பும், உலகத்துப் பணக்காரர்களின் கணக்குப் புத்தகமும், ஒரு மகா யுத்தமும் அடங்கிக் கிடக்கின்றன. எங்கள் தாத்தாவின் கதையும் கொஞ்சம் உண்டு.

சில மாதங்களுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவர்களிடம், “சைக்கிள் டயரை எதில் செய்கிறார்கள்?” என்று கேட்டேன். “பிளாஸ்டிக், சார்” என்றான் ஒருவன். “கடையில் செய்கிறார்கள்” என்றாள் ஒரு சிறுமி. சிரிப்பு வந்தது, கூடவே ஒரு வருத்தமும் வந்தது. அந்தப் பிள்ளைகளின் பாட்டிமார்கள் ஒட்டுப்பால் வாடை போகாத கைகளால் சோறு பிசைந்து ஊட்டியவர்கள். ஆனால் எங்கள் பள்ளியைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் இப்போது செம்பனைதான். பால்மரத்தைப் படத்தில் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

சைக்கிள் என்பது ஒரே நாளில் ஒருவர் மூளையில் உதித்த பொருளன்று. 1817-இல் ஜெர்மனி நாட்டு மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தால் இரண்டு சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். அதற்கு மிதிகட்டை கிடையாது. காலால் தரையை உந்தி உந்திப் போகவேண்டும். பிறகு பிரான்சில் மிதிகட்டை வந்தது. பின்னர் முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு நின்ற விநோத வண்டி வந்தது. அதிலிருந்து விழுந்தால் மண்டை உடையும். 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் ஸ்டார்லி என்பவர் ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் உள்ள வண்டியைச் செய்தார். இன்று நாம் ஓட்டுவது ஏறக்குறைய அதே வண்டிதான்.

ஆனாலும் அதில் ஒரு குறை இருந்தது. சக்கரத்தில் இரும்புப் பட்டை, அல்லது கெட்டி ரப்பர் வளையம். கல் பாவிய வீதியில் ஓட்டினால் உடம்பு முழுவதும் உதறும். அதற்கு முந்திய ஒருவகைச் சைக்கிளுக்கு ‘எலும்பை உலுக்கும் வண்டி’ என்றே ஆங்கிலேயர் பெயர் வைத்திருந்தார்கள்.

1888-இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தார். அவருடைய சிறு மகனுக்கு ஒரு மூன்று சக்கர வண்டி உண்டு. பையன் கல்வீதியில் ஓட்டிக் குலுங்குவதைப் பார்த்த தகப்பனார், மெல்லிய ரப்பர்த் தகட்டில் குழாய் போலச் செய்து, அதை ஒரு மரத்தட்டைச் சுற்றிப் பொருத்திக் காற்றை அடைத்தார். பழைய சக்கரத்தையும் இந்தக் காற்றுச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டுப் பார்த்தார். பழையது பாதியிலேயே சாய்ந்து விழுந்தது. காற்றடைத்தது முற்றத்தின் கடைசிவரை ஓடி, எதிரே இருந்த கதவில் மோதித் திரும்பியது. அவ்வளவுதான் சோதனை! கருவி கிடையாது, கணக்குக் கிடையாது. அடுத்த ஆண்டே பந்தயங்களில் காற்றுச் சக்கரம் பூட்டிய சைக்கிள்கள் வெற்றிபெற்றன. முதலில் கேலி செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதே யோசனையைப் பதிவு செய்திருந்தார் என்பது பிறகுதான் வெளியே வந்தது. ஆனால் தாம்சன் காலத்தில் சைக்கிளும் இல்லை, மலிவான ரப்பரும் இல்லை. நல்ல யோசனைகூட அதற்குரிய காலம் வரும்வரை மூலையில் கிடக்கவேண்டியதுதான் போலும்.

ரப்பருக்கே ஒரு தனிக்கதை உண்டு. சும்மா உறையவைத்த ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். குளிரில் கட்டையாகி வெடிக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டால் உருகாமல் உறுதிப்படுவதைக் கண்டுகொண்டார். அதற்குப் பிறகுதான் ரப்பர் நம்பகமான பொருளாயிற்று. அந்த மனிதர் 1860-இல் கடனாளியாகவே இறந்தார். இன்று டயரில் பார்க்கிறோமே ‘குட்இயர்’ என்ற பெயர், அது அவர் இறந்து நெடுநாள் கழித்து, வேறு யாரோ தொடங்கிய கம்பெனிக்கு மரியாதைக்காக வைத்த பெயர். காசு அவர் வீட்டுக்குப் போகவில்லை.

சரி, பால்மரம் நம் நாட்டு மரமா? இல்லை, பிரேசில் நாட்டுக் காட்டு மரம். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை சில ஆயிரம்தான். பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. நம்முடைய முன்னோர்கள் கப்பலேறி வந்து, காடழித்து நட்டு, தலைமுறை தலைமுறையாக வெட்டிய இலட்சக்கணக்கான ஏக்கர் ரப்பருக்கு வித்து அந்த ஒருசில கன்றுகளே.

கன்று வந்தும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் யாரும் சீந்தவில்லை. அப்போது துரைமார்களுக்குக் காப்பித் தோட்டத்தின்மேல்தான் ஆசை. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்தவர் ஹென்றி ரிட்லி. அவர் சட்டைப்பையில் ரப்பர் விதையைப் போட்டுக்கொண்டு, பார்க்கிற தோட்டக்காரர்களிடமெல்லாம் “நடுங்கள், நடுங்கள்” என்று கெஞ்சினாராம். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பட்டப்பெயர் சூட்டினார்கள்.

அந்தப் பைத்தியக்காரர் செய்த காரியத்தை, பால்வெட்டிய கை உள்ளவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ளவேண்டும். பிரேசிலில் கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்தார்கள். மரத்துக்குக் காயம், சில ஆண்டுகளில் மரமே வீண். ரிட்லி என்ன கண்டார்? பால்நாளங்கள் மரத்தின் கட்டையில் இல்லை, பட்டையில் இருக்கின்றன. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய உயிர்த்தோல் ஒன்று இருக்கிறது. அதைத் தொடாமல், பட்டையை மட்டும் வாழைத்தோல் கனத்துக்குச் சீவி எடுத்தால், பால் வடியும். பட்டையும் மறுபடி வளரும். முதல்நாள் வெட்டிய இடத்தையே மறுமுறையும் சீவினால் பால் குறைவதற்குப் பதிலாக அதிகமாகிறது. விடியற்காலையில் வெட்டினால் இன்னும் அதிகம். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி சாய்வாக வெட்டவேண்டும் என்று கங்காணி கத்தியிருப்பாரே, அதற்கும் காரணம் இருக்கிறது. பால்நாளங்கள் மரத்தில் நேராக ஏறாமல் கொஞ்சம் சாய்ந்து ஏறுகின்றன. அந்தச் சாய்வுக்குக் குறுக்காக வெட்டினால் அதிகமான நாளங்கள் அறுபடும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பாட்டி நினைவு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டி, இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒருநாளைக்கு முந்நூறு நானூறு மரத்தில் அந்த உயிர்த்தோலைத் தொடாமல் சீவினாள். உளி ஒரு நூல் ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம். காயம் பட்டால் கிராணியிடம் ஏச்சு. ஒரு வைத்தியர் கத்தி பிடிக்கிற நிதானம் அது. ரிட்லி துரை 1956-இல், 100 வயது நிறைந்த பிறகு காலமானார். அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இருக்கட்டும், தகுதியானவர்தான்.

1890-களில் காப்பி விலை விழுந்தது. அப்போதுதான் துரைமார்கள் கண்விழித்தார்கள். மலாக்காவில் டான் சே யான் என்ற சீன வணிகரும், நம் சிலாங்கூரில் காஜாங் அருகே கிண்டர்ஸ்லி சகோதரர்களும் முதன்முதலில் வியாபாரத்துக்காக ரப்பர் நட்டவர்கள். சைக்கிளுக்குப் பின்னால் மோட்டார் வண்டி வந்தது. 1908-இல் அமெரிக்காவில் ஹென்றி போர்டு மலிவான காரை வெளியிட்டார். நான்கு சக்கரத்துக்கு நான்கு டயர். கேட்கவேண்டுமா?

இனி, பணத்தின் கதை. ‘பங்கு’ என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டம் போட நிறையப் பணம் வேண்டும். ஒருவரிடம் அவ்வளவு இல்லை. கம்பெனி ஒன்று தொடங்கி, “நீ கொஞ்சம் போடு, நான் கொஞ்சம் போடுகிறேன்” என்று ஆயிரம் பேரிடம் வாங்குகிறார்கள். போட்ட பணத்துக்கு அத்தாட்சியாகக் கொடுக்கும் சீட்டுத்தான் பங்கு. இலாபம் வந்தால் பங்கின்படி பிரித்துக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டை வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம்.

1910-ஆம் ஆண்டு இலண்டனில் ரப்பர்ப் பங்குகளுக்குப் பைத்தியம் பிடித்தாற்போல் ஆயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் ஓர் இராத்தல் ரப்பர் பன்னிரண்டு ஷில்லிங்குக்கு மேல் விற்றது. அந்தக் காலத்தில் நம் ஒரு வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று 1906-இலேயே விலை கட்டியிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓர் இராத்தல் ஐந்து வெள்ளிக்கு மேல்! சில கம்பெனிகள் ஒரே ஆண்டில், போட்ட முதலைவிட அதிகமான பணத்தை இலாபமாகப் பிரித்துக் கொடுத்தன. கிள்ளான் எங்கே இருக்கிறது என்றே தெரியாத இலண்டன் கிழவிகளும் பாதிரிமார்களும் சிலாங்கூர்த் தோட்டங்களில் பங்கு வாங்கினார்கள்.

ஏறியது இறங்காமலிருக்குமா? முதல் உலகப்போருக்குப் பிறகு விலை சரிந்தது. உற்பத்தியைக் குறைத்தால் விலை ஏறும் என்று 1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் என ஒன்று கொண்டுவந்தார்கள். பக்கத்து டச்சுக்காரர்கள் சேர மறுத்துவிட்டதால் 1928-இல் அதைக் கைவிட்டார்கள். அந்தக் கோபத்தில் போர்டு கம்பெனி பிரேசில் காட்டிலேயே பெரிய ரப்பர்த் தோட்டம் போடப் போய், இலைநோயில் மரங்களைப் பறிகொடுத்துத் திரும்பியது வேறு கதை. 1929-இல் உலகமெங்கும் பொருளாதாரம் நொறுங்கியது. 1932-இல் ஓர் இராத்தல் ரப்பர் ஏழு சென்னுக்கும் கீழே இறங்கியது. ஐந்து வெள்ளி எங்கே, ஏழு சென் எங்கே! மரம் அதே மரம். பாலும் அதே பால். வெட்டுகிறவருக்கும் அதே விடியற்காலைதான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். விலை ஏறியபோது இலாபம் இலண்டனுக்குப் போயிற்று; விலை இறங்கியபோது நட்டம் லயத்துக்கு வந்தது. ஆண்களுக்கு 50 சென்னாக இருந்த நாட்கூலி 40 ஆகக் குறைந்தது. பிறகு அதற்கும் கீழே போயிற்று. 1930 முதல் 1932 வரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட நம்மவர்களைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஊரில் நிலமும் இல்லை, இங்கே வேலையும் இல்லை.

அந்த நாட்களில்தான் ஜப்பானியச் சைக்கிள்கள் மலாயாக் கடைகளில் மலிவாக வந்து இறங்கின. ஆங்கிலேயச் சைக்கிள் வாங்க முடியாதவர்கள் ஜப்பான் சைக்கிளை வாங்கினார்கள். எங்கள் தாத்தாவும் ஒன்று வாங்கினார். அதுவும் யாரோ ஓட்டித் தேய்ந்த பழையது. கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் அவர் பால்வெட்டிக் கொண்டிருந்தார். பெயர் வேண்டாம், அப்போது எல்லாத் தோட்டமும் ஒன்றுபோலத்தான். அந்தச் சைக்கிளைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்வாராம். “கல்யாணத்துக்கு வாங்கின மோதிரம்கூட எனக்கு அவ்வளவு பெரிசில்லை” என்று பாட்டி எதிரிலேயே சொல்வார்.

ஆனால் தோட்டத்துச் சடக்கில் அதை ஓட்டுவதற்கு ஓர் எழுதாத சட்டம் இருந்தது. எதிரே துரை வந்தால் இறங்கவேண்டும். கிராணி வந்தாலும் இறங்கவேண்டும். இறங்கி, ஓரமாய் ஒதுங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நிற்கவேண்டும். அவர் போன பிறகு ஏறலாம். தன் வியர்வையில் எடுத்த பால், கடல் கடந்து போய், டயராகித் திரும்பி வருகிறது. அந்த டயர்மேல் உட்கார அவனுக்கு உரிமை இல்லை.

1941-ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்ததால் ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. விலைவாசியும் ஏறியது. கூலி மட்டும் ஏறவில்லை. அதே வேலை செய்த சீனத் தொழிலாளர்களுக்கு அதிகக் கூலி கிடைத்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர்.எச். நாதன் முதலியவர்களும் முன்னின்றார்கள். ஏப்ரலில் சில சென்கள் கூட்டிக் கொடுத்ததும் வேலைக்குத் திரும்பினார்கள். அதோடு முடியவில்லை.

அவர்கள் வைத்த கோரிக்கைகளைக் கேளுங்கள். சீனருக்குச் சமமான கூலி வேண்டும். பத்து, பன்னிரண்டு மணிநேர வேலை கூடாது. பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு, நோயாளிக்குச் சரியான வைத்தியம் வேண்டும். கள்ளுக்கடையை மூடவேண்டும். சங்கம் அமைக்க உரிமை வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும். இவற்றின் நடுவே ஒரு கோரிக்கை: துரைமார் எதிரிலும், அதிகாரிகள் எதிரிலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச்செல்ல அனுமதிக்கவேண்டும்!

கூலிக்கும் வைத்தியத்துக்கும் நடுவே இது எதற்கு என்று எனக்கும் இளவயதில் தோன்றியது. கள்ளுக்கடையை மூடு என்று கேட்டவர்களும், அந்தக் கடையில் குடித்தவர்களும் ஒரே ஆட்கள்தாம் என்பதை நினைத்தால், அவர்கள் தங்களைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடுவிக்கச் சொல்லித் தொழிலாளர்கள் திரண்டார்கள். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுவதும் பரவி, மாநில எல்லையையும் தாண்டியது. அவசரகால நிலை அறிவித்துப் பட்டாளத்தை இறக்கினார்கள். வந்த பட்டாளமும் இந்தியப் பட்டாளமே. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் மாண்டார்கள், பலர் காயம்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். நாதனை நாடு கடத்தினார்கள். தாத்தா அந்த நாட்களைப் பற்றிப் பேசமாட்டார். “வெயில் ஜாஸ்தி” என்று மட்டும் சொல்வார்.

அதற்கு ஏழு மாதம் கழித்து, 1941 டிசம்பர் 8-ஆம் நாள் அதிகாலையில், ஜப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கியது. இரண்டு நாள் கழித்து ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்களைக் குவந்தான் கடலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. கடலில் ஓடிக்கொண்டே போரிடும் பெரிய போர்க்கப்பலை விமானங்களைக் கொண்டே மூழ்கடித்துவிட முடியும் என்பதை உலகம் அன்றுதான் கண்டது. போர்முறையில் அது ஒரு திருப்பம்.

தரையில் நடந்ததோ அதைவிட விநோதம். ஜப்பானியர் சைக்கிளில் வந்தார்கள். ஒரு டிவிஷனுக்கு ஏறக்குறைய 6,000 சைக்கிள்கள் என்று அவர்களுடைய படையதிகாரி ஒருவர் பின்னால் எழுதிவைத்திருக்கிறார். துப்பாக்கியும் அரிசியும் கட்டிக்கொண்டு அணி அணியாக மிதித்து வந்தார்கள். பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலங்களை வெடிவைத்துத் தகர்த்தது. லாரி நின்றுவிடும், சைக்கிள் நிற்குமா? தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து, அக்கரையில் மறுபடி ஏறினார்கள். பழுதுபார்க்க ஒவ்வொரு கம்பெனிக்கும் ஆட்கள் இருந்தார்கள். உதிரிப் பாகங்களுக்கும் கவலையில்லை. அதுதான் முன்னமே ஜப்பான் சைக்கிள்கள் மலாயாப் பட்டணங்களிலெல்லாம் விற்றிருந்தனவே! வெயிலில் டயர் வெடித்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். நூற்றுக்கணக்கான இரும்பு ரிம்கள் இரவு நேரத்தில் தார்ச்சாலையில் உரசுகிற ஓசையைக் கேட்டு, டாங்கிகள் வருகின்றன என்று பயந்து பின்வாங்கினவர்களும் உண்டு.

அந்தத் தார்ச்சாலைகள் எதற்காகப் போட்டவை? ஈயமும் ரப்பரும் துறைமுகத்துக்குப் போவதற்காகப் போட்டவை. போட்டவர்களில் பலர் நம்மவர்கள். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. மொத்தம் எழுபது நாள். தாத்தாவின் சைக்கிளும் அந்தக் குழப்பத்தில் போயிற்று. எந்தப் படைக்காரன் எடுத்துப் போனான் என்று அவர் சொன்னதில்லை. “கேட்டான், கொடுத்தேன்” என்பார்.

ஜப்பான்காரன் காலத்தில் புதிய பணம் வந்தது. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் அச்சடித்திருந்ததால் அதற்கு வாழைமர நோட்டு என்றே பெயர். தோட்டத்தில் காலையில் பெரட்டுக்குப் போனால் பெயர் எடுப்பார்கள் அல்லவா? இன்றைக்கு எத்தனை ஆள் என்று கணக்குத் தெரியவேண்டும். அரசாங்கம் அச்சடிக்கிற நோட்டுக்கும் அப்படித்தான் வரிசை எண் போடுவார்கள். வாழைமர நோட்டில் முதலில் சிலவற்றுக்கு எண் இருந்தது. பிறகு அதை விட்டுவிட்டு வெறும் எழுத்தை மட்டும் அச்சடித்தார்கள். எத்தனை நோட்டு வெளியே போயிற்று என்பதற்குக் கணக்கில்லை.

சந்தையில் பத்து மூட்டை அரிசிதான் இருக்கிறது; வாங்க வருகிறவர்களிடம் நூறு வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை பத்து வெள்ளி. அரிசி கூடவில்லை, பணம் மட்டும் ஆயிரமானால், மூட்டை நூறு வெள்ளி. அன்று அரிசி கூடாததோடு குறையவும் செய்தது, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி நின்றுவிட்டதால். மரவள்ளிக்கிழங்கைத் தின்று, கோணிச்சாக்கை உடுத்தினார்கள். எங்கள் பாட்டியோ, காசைக் காசாகவே நம்பினவள். கோழி விற்றது, கிழங்கு விற்றது எல்லாவற்றையும் தகரப்பெட்டியில் வாழைமர நோட்டாகச் சேர்த்தாள். “சண்டை முடிந்ததும் ஊருக்குப் போய் அரைக்காணி நிலம் வாங்கலாம்” என்பது அவள் கணக்கு.

அந்தக் காலத்தின் பெரிய துயரம் சயாம் மரண ரயில். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளத்தை ஜப்பானியர் 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தார்கள். தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாய்த் தமிழர்களை ஏற்றிச் சென்றார்கள். கைதிகளாயிருந்த வெள்ளைப் பட்டாளத்தார் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு. பட்டாளத்தாருக்குக் கல்லறையும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. தாத்தாவின் தம்பி அதில் போனவர். திரும்பி வரவில்லை. இது தனியாகப் பேசவேண்டிய பொருள். இன்னொரு நாள் பேசுகிறேன்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். வந்ததும் முதல் வேலையாக, ஜப்பானிய நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரு நோட்டுக்கு அரைச் சென்கூட மாற்றுக் கிடையாது. பழைய மலாயா நோட்டை யாருக்கும் தெரியாமல் பதுக்கி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். பாட்டி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தாளாம். பிறகு அடுப்புப் பற்றவைக்க ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரே ஒரு நோட்டை மட்டும் என் தகப்பனார் விளையாட எடுத்து வைத்துக்கொண்டார். அது இப்போது என்னிடம் இருக்கிறது.

போர் நம்முடைய பால்மரத்தையும் விட்டுவைக்கவில்லை. மலாயாவையும் பக்கத்துத் தீவுகளையும் ஜப்பான் பிடித்ததால், அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் வந்துகொண்டிருந்த ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. அமெரிக்காவில் பங்கீட்டு முறைக்கு முதலில் வந்த பொருள் சர்க்கரையன்று, டயர்! உடனே விஞ்ஞானிகளையும் கம்பெனிகளையும் ஒன்றுசேர்த்து, பெட்ரோலிய எண்ணெயிலிருந்து செயற்கை ரப்பர் செய்யத் தொடங்கினார்கள். மூன்றே ஆண்டில் ஆலைகள் எழும்பி, ஆண்டுக்குப் பல இலட்சம் டன் வெளிவந்தது. போர் முடிந்தபோது நம் மரத்துக்கு ஒரு போட்டியாளன் பிறந்திருந்தான். இன்று உலகம் செலவிடும் ரப்பரில் ஏறக்குறையப் பாதி அந்த வகைதான். ஆனால் விமானச் சக்கரத்துக்கு இன்றும் பால்மரத்துப் பாலே வேண்டும். தரையைத் தொடும் வேகத்தில் எழுகிற சூட்டையும் அதிர்ச்சியையும் தாங்குவது அதுதான். ஆகவே “பிளாஸ்டிக், சார்” என்று சொன்ன என் மாணவனுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

சுதந்திரம் வந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில, தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கினவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். நிலம் கைமாறியது, லயத்தில் இருந்தவர்களுக்கு வேலையும் போயிற்று, கூரையும் போயிற்று. துண்டாடல் என்று அதற்குப் பெயர். அப்போது அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், “மற்றவர்கள் துண்டாடுவதற்கு முன் நாமே சேர்ந்து வாங்குவோம்” என்ற யோசனையை எடுத்துச் சொன்னார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. பிரிக்பீல்ட்சில் நடுவாக ஓடுகிறதே துன் சம்பந்தன் சாலை, முன்பு பிரிக்பீல்ட்ஸ் சாலை, அது அவர் பெயர்தான். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் கடையைக் காட்டுகிறோம், கோயிலைக் காட்டுகிறோம். சாலையின் பெயரையும் ஒருமுறை படித்துக் காட்டலாம்.

முன்பே சொன்னேனே, பங்கு என்றால் என்னவென்று? இலண்டன் கிழவி 1910-இல் வாங்கின அதே மாதிரிப் பங்குதான். பால்வெட்டுகிறவர் தவணை தவணையாகக் கட்டித் தோட்டத்தில் பங்கு வாங்கினார். பாட்டி முதலில் ஒப்பவில்லை. “காகிதத்தை நம்பி ஒருமுறை எரிந்தது போதாதா?” என்று சண்டை போட்டாள். அவள் கேட்டது நியாயம்தானே? தாத்தா பதில் பேசாமல், இரண்டாவதாக வாங்கியிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போனார். வழியில் அப்போதைய துரையின் கார் எதிரே வந்ததாம். “நான் இறங்கவில்லை. அவரும் ஒன்றும் நினைக்கவில்லை. எனக்குத்தான் கால் கொஞ்சம் நடுங்கியது” என்பார்.

அந்தப் பங்குப் பணத்துக்குக் கொடுத்த ரசீதும் வாழைமர நோட்டோடு அதே பெட்டியில்தான் இருக்கிறது. மை மங்கிவிட்டது. தாத்தா வைத்த கைநாட்டு மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.